10 வருஷத்துக்கு ஒருமுறை பெருகி, சட்டென்று சரியும் லின்க்ஸ்: கனடாவின் பனிக்காட்டில் என்ன நடக்கிறது?

கனடாவின் மெக்கன்சி ஆற்றுப் பகுதியில் 1828-ம் ஆண்டு பிடிபட்ட லின்க்ஸ் காட்டுப்பூனைகளின் எண்ணிக்கை 5,943. நான்கே ஆண்டுகள் கழித்து, 1832-ல் அதே பகுதியின் கணக்கு வெறும் 98.

அவ்வளவுதான், இனமே அழிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 1838-ல் அந்த எண்ணிக்கை மறுபடியும் 3,409-ஐத் தொட்டது. 1842-ல் திரும்பவும் 45-க்கு விழுந்தது. இப்படியே ஏற்றமும் இறக்கமுமாக 1821 முதல் 1934 வரை 114 ஆண்டுகளுக்குப் பதிவு இருக்கிறது. ஏறத்தாழ 10 ஆண்டுக்கு ஒருமுறை உச்சம், அதன் பின் சரிவு.

ஒரு வேட்டை விலங்கின் எண்ணிக்கை ஏன் இப்படி ஊஞ்சல் ஆடுகிறது? இப்போது குளிர்காலங்கள் மாறிவரும் நிலையில் அந்த ஊஞ்சல் என்ன ஆகும்?

யார் எண்ணினார்கள்?

இந்தக் கணக்கை எடுத்தவர்கள் விஞ்ஞானிகள் இல்லை, வியாபாரிகள். 1670-ல் தொடங்கப்பட்ட ஹட்சன் பே கம்பெனி, கனடாவின் காடுகளில் இருந்து விலங்குத் தோல்களை வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பியது. எந்தப் பகுதியில் இருந்து எத்தனை தோல் வந்தது என்று வருஷாவருஷம் பேரேட்டில் எழுதி வைத்தது.

பிரிட்டன் உயிரியலாளர் சார்லஸ் எல்டன் அந்தப் பேரேடுகளைக் கையில் எடுத்தார். அவரும் மேரி நிக்கல்சனும் சேர்ந்து 1942-ல் வெளியிட்ட ஆய்வுதான் லின்க்ஸ் சுழற்சியை உலகுக்குக் காட்டியது. தோல் கணக்கு என்பது காட்டில் உள்ள விலங்குகளின் நேரடிக் கணக்கு அல்ல. தோலின் விலை, வேட்டைக்காரர்களின் எண்ணிக்கை எல்லாம் அதைக் கொஞ்சம் மாற்றும். ஆனாலும் 5,943-க்கும் 98-க்கும் இடையே உள்ள வித்தியாசம் விலையால் மட்டும் வரக்கூடியது அல்ல.

எல்லாம் முயலால் வந்தது

லின்க்ஸின் சாப்பாட்டில் பெரும்பகுதி ஒரே ஒரு விலங்குதான்: ஸ்னோஷூ முயல். கோடையில் பழுப்பு நிறத்திலும் குளிர்காலத்தில் வெள்ளை நிறத்திலும் இருக்கும் இந்த முயல், 8 முதல் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகிறது. முயல் பெருகினால் ஓரிரு ஆண்டுகள் பின்னாலேயே லின்க்ஸும் பெருகும். முயல் குறைந்தால் லின்க்ஸும் சரியும்.

சரி, முயல் ஏன் குறைகிறது? தின்ன எதுவும் இல்லாமலா, அல்லது தின்னப்பட்டா? இதைக் கண்டுபிடிக்க கனடாவின் யூகான் பகுதியில் க்ளுவானி என்ற இடத்தில் 1986 முதல் சுமார் 10 ஆண்டுகள் ஒரு பெரிய சோதனை நடந்தது. சார்லஸ் கிரெப்ஸ் தலைமையிலான குழு, ஒவ்வொன்றும் ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள காட்டுப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தது.

ஓர் இடத்தில் முயல்களுக்குக் கூடுதலாக உணவு போட்டார்கள். முயல்களின் அடர்த்தி சுமார் 3 மடங்கு ஆனது. இன்னோர் இடத்தில் வேலி போட்டு, தரையில் வரும் வேட்டை விலங்குகளைத் தடுத்தார்கள். சுமார் 2 மடங்கு ஆனது. இரண்டையும் சேர்த்துச் செய்த இடத்தில் 11 மடங்கு!

அதாவது உணவு மட்டும் காரணம் இல்லை, வேட்டை மட்டும் காரணம் இல்லை. இரண்டும் கைகோக்கும்போதுதான் சரிவு வருகிறது.

பசி வந்தால் ஊரைக் காலி செய்யும்

முயல் சரிந்ததும் லின்க்ஸுக்கு இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. முதலாவது, குட்டிகள் அநேகமாக இல்லாமலே போகின்றன. பல பெண் லின்க்ஸ்கள் குட்டி ஈனுவதில்லை, ஈன்றாலும் குட்டிகள் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை.

இரண்டாவது, பெரிய விலங்குகள் இடத்தைக் காலி செய்துவிட்டு நடக்கத் தொடங்குகின்றன. இதைத்தான் உயிரியலில் பரவல் என்கிறார்கள். இது சும்மா பக்கத்துக் காடு வரைக்கும் போகும் நடை இல்லை. கழுத்துப் பட்டை பொருத்தப்பட்ட லின்க்ஸ்கள் ஆயிரம் கிலோமீட்டர் வரை போயிருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோவில் 2003-ல் விடப்பட்ட ஒரு லின்க்ஸ், 2010-ல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் பொறியில் சிக்கியது. இடையில் இருந்த தூரம் சுமார் 2,000 கிலோமீட்டர்!

போகிற லின்க்ஸ்களில் பல, வழியிலேயே பட்டினியாலோ பொறியில் சிக்கியோ சாகின்றன. ஆனால் பிழைப்பவை ஒரு பெரிய வேலை செய்கின்றன: ஓர் இடத்தின் சரிவை இன்னோர் இடத்தின் வரவாக மாற்றுகின்றன. 1960-களின் தொடக்கத்திலும் 1970-களின் தொடக்கத்திலும் கனடாவில் முயல்கள் சரிந்தபோது, எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவின் மினசோட்டா போன்ற மாகாணங்களில் திடீரென்று லின்க்ஸ்கள் ஏராளமாகத் தென்பட்டன.

கனடாவுக்குள்ளும் இந்த உச்சம் எல்லா இடத்திலும் ஒரே வருஷத்தில் வருவதில்லை. நாட்டின் நடுப்பகுதியில் முதலில் வந்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் ஓரங்களுக்குப் பரவுகிறது. குளத்தில் கல் போட்டால் வளையம் விரிவது போல.

பருவநிலைக்கு இதில் என்ன வேலை?

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்த காட்டில், ஏறக்குறைய ஒரே தாளத்தில் எண்ணிக்கை ஏறி இறங்குவது எப்படி? விலங்குகள் நடந்து போவதால் மட்டுமா?

ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் பேட்ரிக் மோரன் 1953-ல் இதற்கு ஒரு விடை சொன்னார். இரண்டு இடங்களின் விலங்குகள் ஒன்றையொன்று சந்திக்கவே வேண்டாம். இரண்டு இடங்களுக்கும் ஒரே மாதிரி வானிலை அமைந்தால் போதும், அவற்றின் ஏற்ற இறக்கமும் ஒத்துப்போகும். இன்றுவரை இது ‘மோரன் விளைவு’ என்றே அழைக்கப்படுகிறது.

நார்வே விஞ்ஞானி நில்ஸ் ஸ்டென்செத்தும் சக ஆய்வாளர்களும் 1999-ல் இதைக் கனடா லின்க்ஸில் தேடிப் பார்த்தார்கள். லின்க்ஸ் சுழற்சிகள் பசிபிக், உள்நாடு, அட்லாண்டிக் என மூன்று வட்டாரங்களாகப் பிரிந்தன. காட்டின் வகை இந்தப் பிரிவுக்குக் காரணமாக இல்லை. வட அட்லாண்டிக் கடல் மேல் உள்ள காற்றழுத்த மாற்றம், ஒவ்வொரு வட்டாரத்தின் குளிர்காலத்தையும் எப்படிப் பாதிக்கிறது என்பதோடு அது பொருந்தியது.

காற்றழுத்தத்துக்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம்? இடையில் இருப்பது பனி. லின்க்ஸின் பாதங்கள் அகலமானவை, மெத்துப்பனியிலும் அவ்வளவாகப் புதையாது. அதே பனியில் கயோட்டி எனும் ஓநாய் இனத்து விலங்கு புதைந்து தடுமாறும். ஆனால் குளிர்காலத்தில் அடிக்கடி வெப்பம் ஏறி, பனி உருகி மறுபடி உறைந்தால் மேலே கெட்டியான ஓடு உருவாகும். அப்போது யார் வேகமாக ஓடலாம், யார் யாரைப் பிடிக்கலாம் என்ற கணக்கே மாறிவிடும்.

2003-ல் வந்த மரபணு ஆய்வு இன்னொரு வியப்பைச் சொன்னது. ராக்கி மலைத்தொடர் லின்க்ஸ்களைப் பிரித்து வைத்திருக்கிறது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஹட்சன் விரிகுடாவின் தெற்கே, மலையோ கடலோ எதுவும் இல்லாத இடத்திலும் ஒரு பிரிவு தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த வேலி, குளிர்காலம் மாறும் எல்லையாக இருக்கலாம் என்கிறது ஆய்வு.

ஐஸ் பாலம் போனால் என்ன ஆகும்?

நடக்க வழி இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவு உதாரணம். 1940-களின் இறுதியில் உறைந்த ஏரி மேல் நடந்தே ஓநாய்கள் இந்தத் தீவுக்கு வந்தன. அங்கே இருந்த மூஸ் மான்களை வேட்டையாடி வாழ்ந்தன. 1958 முதல் இவை தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன.

1980-ல் 50 ஓநாய்கள் இருந்தன. நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் பரவியதும் 1982-ல் 14 ஆகக் குறைந்தன. 1997-ல் ஓர் ஆண் ஓநாய் ஐஸ் மேல் நடந்து வந்து புது ரத்தம் சேர்த்தது. ஆனால் குளிர்காலங்கள் வெதுவெதுப்பாக ஆக ஆக, ஏரியில் ஐஸ் பாலம் உருவாவது அரிதாகிவிட்டது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததில் 2016-ல் மிஞ்சியவை 2 ஓநாய்கள் மட்டுமே. மூஸ் மான்களோ 2019-ல் இரண்டாயிரத்தைத் தாண்டிப் பெருகின.

கடைசியில் 2018, 2019-ல் தேசியப் பூங்கா நிர்வாகமே 19 ஓநாய்களைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டது. ஐஸ் செய்துவந்த வேலையை மனிதர்கள் செய்ய வேண்டியதாயிற்று. 2024 கணக்கெடுப்பில் ஓநாய்கள் சுமார் 30.

சுழற்சியே நின்றுபோனால்?

வடகிழக்கு கிரீன்லாந்தில் இது நடந்திருக்கிறது. அங்கே லெம்மிங் எனும் எலி இன விலங்கு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகும். பனிக்கடியில்தான் அவை குளிர்காலத்தில் குட்டி போடும். 2000-ம் ஆண்டு வாக்கில் அந்தப் பெருக்கம் நின்றுபோனது. அவற்றையே நம்பியிருந்த பனி ஆந்தைகளின் குஞ்சுப் பெருக்கம் 98 சதவீதம் சரிந்தது.

ஸ்னோஷூ முயலுக்கும் புதுச் சிக்கல் வந்திருக்கிறது. அதன் நிறம் மாறுவது பகல் நேரத்தின் நீளத்தைப் பொறுத்தது. பனி தாமதமாக வந்தாலும் அது வெள்ளையாகத்தான் மாறும். பழுப்புத் தரையில் வெள்ளை முயல் என்றால் தூரத்தில் இருந்தே கண்ணில் படும். இப்படிப் பொருந்தாமல் மாட்டிக்கொள்ளும் முயல்கள் ஒரு வாரம் உயிர்பிழைக்கும் வாய்ப்பு 7 சதவீதம் வரை குறைகிறது என்கிறது அமெரிக்காவின் மொன்டானாவில் நடந்த ஆய்வு. ஒரு வாரத்துக்கு 7 சதவீதம் என்றால், பல வாரங்கள் சேரும்போது அது பெரிய இழப்பு.

ஒரு வருஷக் கணக்கு ஏன் ஏமாற்றும்?

கனடாவில் இன்றும் லின்க்ஸ் பரவலாக இருக்கிறது. ஆனால் அலாஸ்கா நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில், 2000-ம் ஆண்டு முதல் அது அச்சுறுத்தலுக்கு உள்ளான (threatened) இனமாகச் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. அங்கே உள்ள சிறு கூட்டங்கள் பல, வடக்கில் இருந்து வரும் வரவையும் ஓரளவு நம்பியிருப்பவை.

இதனால் கணக்கெடுப்பவர்களுக்கு இரட்டைத் தலைவலி. உச்ச ஆண்டில் எண்ணினால் ‘நிறைய இருக்கிறது, பிடிக்கலாம்’ என்று தோன்றும். சரிவு ஆண்டில் எண்ணினால் ‘அழிகிறது’ என்று தோன்றும். இரண்டுமே பாதி உண்மை. குறிப்பாகச் சரிவு ஆண்டுகளில் மிஞ்சி இருக்கும் சில லின்க்ஸ்கள்தான் அடுத்த 10 ஆண்டுக்கான விதைநெல். அந்த நேரத்தில் பொறி வைப்பதைக் குறைக்காவிட்டால் அடுத்த உச்சமே வராமல் போகலாம்.

ஒரு வருஷத்தில் எத்தனை லின்க்ஸ் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. சரிந்த பிறகு அது மறுபடி எழுகிறதா, எழுவதற்குத் தேவையான பனியும் நடந்து வருவதற்கான காடும் இன்னும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்குக் குறைந்தது ஒரு முழுச் சுழற்சி, அதாவது 10 ஆண்டுகள் பொறுமையாக எண்ண வேண்டும்.