கொடைக்கானல்: ஒண்டிக்கட்டைக்கு அனுமதி இல்லை!

"தனியா போனா அப்படித்தான் மச்சி, நாலு பேரோட போயிருந்தா செமயா இருந்திருக்கும்." கொடைக்கானல் மொக்கையா இருந்துச்சுன்னு சொன்னா, சொல்லி வெச்ச மாதிரி எல்லாரும் எடுத்து விடுற பதில் இதுதான். அய்யா சாமிகளா, நாலு பேரோட போனா முட்டுச்சந்து கூட செமயாத்தான் இருக்கும். அதுக்கு எதுக்கு 7,000 அடி மலை ஏறணும்?

ஏரி மேல எனக்கு ஒரு புகாரும் இல்லை. 1863ல மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறிச்சு உண்டாக்கினது. நட்சத்திர வடிவம், சுத்தி நடந்தா சுமார் 5 கிலோமீட்டர். காலையில பனி இறங்குறப்ப அழகு அள்ளும். புகாரெல்லாம் அதைச் சுத்தி நடக்குற யாவாரத்து மேலதான்.

படகுக்குத்தான் டிக்கெட், ஆளுக்கு இல்லை. டாக்ஸிக்காரர் வண்டிக்குத்தான் ரேட் சொல்றார். சரி, ஒருத்தன் ஏறினாலும் நாலு பேர் ஏறினாலும் டீசல் செலவு ஒண்ணுதான், பி.காம். படிக்கிறவனுக்கு இது கூடவா புரியாது? ஆனா லாட்ஜ்? முழு ரூம் வாடகையையும் நான் ஒருத்தனே தர்றேன்னு சொல்றேன். "கூட யாரு தம்பி? யாரும் இல்லையா? அப்ப ரூம் இல்லை." ரெண்டு இடத்துல இதே வசனம். தனியா வர்றவன் ஏதாவது பண்ணிக்குவானோன்னு பயமாம். அடையாள அட்டை குடுத்தாச்சு, வீட்டு நம்பர் குடுத்தாச்சு, அப்பவும் சந்தேகம். துக்கம் என்ன ஆள் எண்ணிக்கை பாத்தா வருது? பையனுக்கே இந்தக் கதின்னா, தனியா வர்ற பொண்ணை என்னென்ன கேப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, ஊர் சுத்தலாம்னா அங்கயும் "பாயிண்ட்" கணக்கு. பில்லர் ராக்ஸ், பைன் காடு, குணா குகை. 1991ல வந்த படத்தால பேர் வாங்கின குகை, 2024ல மஞ்சும்மல் பாய்ஸ் வந்ததும் மறுபடி கூட்டம். போட்டோ எடு, வண்டியில ஏறு, அடுத்த பாயிண்ட். இதுல மலை எங்கங்க இருக்கு?

இப்ப உண்மையான காமெடிக்கு வருவோம். மலை தாங்காதுன்னுதான் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துச்சு. 2025 கோடையில சாதாரண நாளுக்கு 4,000 வண்டி, வார இறுதிக்கு 6,000னு வரம்பும் போட்டாங்க. பிரச்சினை வண்டின்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. அரசு பஸ்ல வர்றவனுக்கு இ-பாஸே தேவையில்லை. ஒத்தைப் பையோட வத்தலக்குண்டுல பஸ் ஏறி வந்து, கால்நடையா ஏரியைச் சுத்துறவனால மலைக்கு என்ன பாரம்? ஆனா வாசல்லயே திருப்பி அனுப்புறது அவனைத்தான். கார் நிறைய வர்றவங்களுக்கு சலாம்!

அதனால மச்சிகளா, "தனியா போனது உன் தப்பு"ன்னு இனிமே யாரும் ஜல்லியடிக்காதீங்க. ஒருத்தனுக்கு ஒரு ராத்திரி ரூம் குடுக்கத் தெரியாத ஊரு, மலைகளின் இளவரசின்னு போர்டு மாட்டி என்ன பிரயோஜனம்?