இறுதியாண்டுப் பணியும் இணையத் தொழிலும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். இன்றைய கணினி அறிவியல் மாணவர்களாகிய நாம் அதனினும் ஒருபடி மேலே போய்விட்டோம். நம்மில் சிலர் அந்த ஏட்டையே கடையில் விலைக்கு வாங்குகின்றனர். நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை என்ற பெயர்களில் ஆயத்தமாகக் கிடைக்கும் புராஜெக்டை வாங்கி, முகப்பில் தம் பெயரை அச்சிட்டு, பொன்னெழுத்தில் பைண்டு செய்து ஒப்படைத்து விடுகின்றனர். வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாள் அது அலமாரிக்குப் போகிறது. பிறகு அதைத் திறப்பார் எவருமில்லை. கொடுத்த பணமோ, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் எந்திரத்தின் முன் நின்று தகப்பனார் ஈட்டிய பணம்!

இதற்கு நேர்மாறான ஒரு வாழ்க்கையும் நம்மிடையே நடந்து வருகிறது. நான் வசிக்கும் வேலப்பன்சாவடியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து திருவேற்காட்டுக்குச் சாலை பிரியும் இடத்தைச் சுற்றிலும், தையற்கடை, பூக்கடை, டியூஷன் சென்டர், சமையல் காண்டிராக்டர் எனச் சிறு தொழில்கள் பல உண்டு. அவற்றுக்கு இணையதளம் அமைத்துத் தரும் மாணவர்கள் சிலர் இருக்கிறோம். முதல் ஷிப்ட் வகுப்பு பகலோடு முடியும். பேருந்தில் நின்றபடியே வீடு திரும்பி, மாலையில் கடைக்காரரிடம் விவரம் கேட்டு, இரவில் மடிக்கணினி முன் அமர்வோம். வருவாய் அதிகமில்லை, கைச்செலவுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் ஆகும். ஆயினும் இப்பணிக்கு மதிப்பெண் கிடையாது. விலைக்கு வாங்கிய ஏட்டுக்கு உண்டு. இது முறையா? இக்கேள்வியை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் சக மாணவர் முன்னும் பணிவோடு வைக்கிறேன்.

நிரல் எழுதுவதுதான் கல்வி. எவருக்காக எழுதினால் என்ன என்று சிலர் கேட்கலாம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின் அவ்வாதம் வலுவிழந்துவிட்டது. நூலக மேலாண்மைக்கான நிரலை இன்று எந்திரம் சில நிமிடங்களில் எழுதித் தருகிறது. ஆனால் எந்திரம் செய்யாதது ஒன்று உண்டு. முகூர்த்த நாள் நெருங்கும்போது பக்கம் திறக்கவில்லையென்றால், சமையல் காண்டிராக்டருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அதை அமைத்துத் தந்தவனே. அந்தப் பொறுப்பே இனி நம் தொழில். அதை ஆயத்த ஏட்டில் கற்க இயலாது. உண்மையான ஒருவருக்காக உழைக்கும்போதே கற்க இயலும்.

அவ்வாறு கற்பவற்றுள் முதலாவது தமிழ். எங்கள் தெருவில் தையற்கடை நடத்தும் அக்கா ஒருவர், முன்பு யாரோ ஆங்கிலத்தில் அமைத்துத் தந்த பக்கத்தை என்னிடம் காட்டினார். "பார்க்க நல்லாத்தான் இருக்கு தம்பி. என் கடையைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு எனக்கே தெரியலையே" என்றார். தமிழில் அமைக்கத் தொடங்கினால்தான் புதிய பாடங்கள் புலப்படும். ஆங்கிலத்துக்கு அளந்து வரைந்த பொத்தானில் 'தொடர்புகொள்ளுங்கள்' என்ற சொல் அடங்காது. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான் தமிழை ஆங்கிலமாக எண்ணித் தடுமாறும்.

இரண்டாவது, எளியவர் கையிலுள்ள செல்போன். நம் மடிக்கணினியில் நொடியில் திறக்கும் பக்கம், பழைய போனில், நெரிசல் மிகுந்த நேரத்தில், சுழன்றுகொண்டே இருக்கும். பெரிய படங்களைச் சுருக்குவதும், தேவையற்ற அலங்காரங்களைக் குறைப்பதும் வாடிக்கையாளரின் டேட்டாவையும் பொறுமையையும் மதிப்பதாகும்.

மூன்றாவது, சாவியை ஒப்படைப்பது. டொமைன் எனப்படும் இணைய முகவரியைக் காலக்கெடு தவறாமல் புதுப்பிக்க வேண்டும். அதைத் தன் பெயரிலேயே பதிந்துகொண்ட ஒருவர், படிப்பு முடிந்து வெளியூர் வேலைக்குச் சென்று, போன் எண்ணையும் மாற்றிவிட்டால் கடைக்காரரின் கதி என்ன? விசிட்டிங் கார்டிலும் பெயர்ப்பலகையிலும் அச்சிட்ட முகவரி ஒருநாள் செத்துப்போகும். வீட்டைக் கட்டிய கொத்தனார் சாவியைத் தன் மடியில் கட்டிக்கொண்டு போவாரா? முகவரி உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொற்களும் புதுப்பிக்கும் நாளும் எழுதித் தரப்பட வேண்டும். படிப்பை முடித்துச் செல்லவிருக்கும் நாம் இதில் கண்ணும் கருத்துமாக இருத்தல் அவசியம்.

நாம் பயன்படுத்தும் இணையமும் பிறர் ஒப்படைத்துச் சென்றதே. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் உலகளாவிய வலைக்கு வித்திட்டார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதைக் கட்டணமின்றி உலகுக்கு வழங்கியது. தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1999-ல் சென்னையில் கூடிய தமிழ்இணையம் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை கிடைத்தது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. அவர்களெல்லாம் உழைத்துத் தந்த வசதியைக் கொண்டு, ஒருவரும் திறவாத ஏட்டையா நாம் படைப்பது?

எல்லோருக்கும் கடை கிடைக்குமா என ஐயுறலாம். கடைதான் வேண்டுமென்பதில்லை, மகளிர் சுயஉதவிக் குழு, நூலகம், தெருவோர உணவகம் என எதுவும் ஆகலாம். மூவர் சேர்ந்து ஒரு தளம் அமைக்கட்டும். தமிழ்த் துறை மாணவர்கள் வாசகங்களைத் திருத்தித் தரட்டும். வாய்மொழித் தேர்வில் அந்த உரிமையாளரையும் ஒரு கேள்வி கேட்க அழைக்கட்டும். ஆறு மாதத்திற்குப் பின்னும் தளம் இயங்குகிறதா என்று துறை ஒருமுறை பார்க்கட்டும். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை; ஆசிரியர்களின் இசைவே தேவை.

பட்டாபிராமில் 21 தளங்களோடு எழுந்துள்ள டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. 1964-ல் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நம் தந்தையருக்கு வேலை தந்ததுபோல, அது நமக்கும் தரலாம். அங்கே நேர்முகத் தேர்வில், "நீ என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்பார்கள். பொன்னெழுத்து ஏட்டை விரிப்பதைவிட, எங்கள் ஊர்க் கடையொன்று இன்றும் இதைக் கொண்டு ஆர்டர் வாங்குகிறது என்று போனைத் திறந்து காட்டுவது மேலானதன்றோ? மாணவத் தோழர்களே, சிந்திப்பீர்! அடுத்த ஆண்டு இறுதியாண்டில் அடியெடுத்து வைக்கும் தம்பி தங்கையரேனும் இதைச் செய்து காட்டுவார்களாக!