கதவைச் சாத்தக்கூட முடியாதா, டாக்டர்?

மேற்குப் புறநகர் அரசு மருத்துவமனை ஒன்றின் தலைமை மருத்துவ அலுவலர் அவர்களுக்கு,

உங்களிடம் மனு கொடுத்தேன், மாவட்ட அலுவலகத்துக்கு நகல் அனுப்பினேன், நினைவூட்டலும் எழுதினேன். 'மனு முடித்து வைக்கப்பட்டது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் போகவில்லை. என் தம்பிக்கு உங்கள் புறநோயாளிகள் பிரிவில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அவன் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் நாலு பேர் எதிரில் உட்கார்ந்தால் டிபன் பாக்ஸைத் திறக்கக் கை வராது. பட்டினியாகவே ஷிப்ட் முடிப்பான், சோற்றை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவான். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டு நின்றால் ரெஜிஸ்டரில் கையெழுத்து கோணிக்கொள்ளும். ஆவடியில் ஷேர் ஆட்டோ ஏறினால் பருத்திப்பட்டில் இறங்க வேண்டும். "அண்ணா, இங்க நிறுத்துங்க" என்று சொல்லக் குரல் எழும்பாது. வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கிக்கொள்வான். சில நாள் அது கரையான்சாவடியாக இருக்கும். அங்கிருந்து நடந்தே வருவான்.

ஓர் ஆயுத பூஜை அன்று முதலாளி எல்லோர் முன்னாலும் அவனைக் கூப்பிட்டுப் பாராட்டிச் சால்வை போட்டார். நல்ல மனசோடுதான் செய்தார். மறுநாளிலிருந்து அவன் வேலைக்குப் போகவில்லை.

சொந்தக்காரர்கள் கூச்ச சுபாவம் என்றார்கள். திமிர் என்றார்கள். ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். நாங்களும் பல வருஷம் அப்படியே நம்பினோம். ஆனால் அவனுக்கு இருப்பது சமூகப் பதற்றம். அது ஒரு நோய் என்று மருத்துவ உலகம் 1980லேயே வகைப்படுத்திவிட்டது. பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில் தொடங்குகிறது. பேச்சு சிகிச்சையும், பயப்படும் சூழலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திக்கும் பயிற்சியும், தேவைப்பட்டால் மாத்திரையும் இருக்கின்றன. குணம் தெரிகிற நோய் இது, டாக்டர். சிகிச்சை கேட்டு வர வாயில்லாததால்தான் வளர்கிறது. நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், நோய்க்கு நோய் மாறுபட்டு, பாதிக்கப்பட்டவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வந்துசேரவில்லை. இவன் வந்தான்.

14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு நான்தான் பேசினேன். போன் மணி அடித்தாலே அவனுக்கு வியர்த்துவிடும். அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டு, பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். தம்பியைச் சம்மதிக்க வைக்க மாதக்கணக்கானது. கடைசியில் அவனாகவே ஒரு நாள் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு "போலாம்க்கா" என்றான்.

ஓ.பி. சீட்டு வாங்கி வராண்டாவில் நின்றோம். சுகருக்கும் பிரஷருக்கும் வந்தவர்கள் அதே பெஞ்சில். உங்கள் ஊழியர் வாசலில் நின்று சீட்டைப் பார்த்து, வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்: "யாருப்பா அது கீழ்ப்பாக்கம் கேஸு? உள்ள வா!" அத்தனை தலையும் திரும்பியது. கீழ்ப்பாக்கத்தில் இருப்பது, 1794 முதல் எத்தனையோ பேரைத் தேற்றி அனுப்பிய மனநல மருத்துவமனை. அதன் பெயரை வசவாகச் சொல்வது தெருவில் நடக்கலாம். வெள்ளைச் சீருடை போட்டவர் சொல்லலாமா?

அவன் அப்போதும் ஓடவில்லை. உள்ளே போனான். கதவு திறந்தே இருந்தது. மேஜையைச் சுற்றி அடுத்த ஐந்தாறு நோயாளிகள் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மருத்துவர் நிமிராமல், "சொல்லு, என்ன பிரச்சனை?" என்றார். நான் கதவைச் சாத்தலாமா என்று கேட்டேன். "சாத்தினா கூட்டம் கத்தும்மா" என்றார். தம்பி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பின்னால் நின்றவர் ஒருவர், "சீக்கிரம் சொல்லுப்பா, நாங்களும் பாக்கணும்ல" என்றார். அவன் கை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. வளர்ந்த ஆண்பிள்ளை. அப்படியே திரும்பி நடந்தான். அன்றிலிருந்து தெருமுனைக் கடைக்குக்கூடப் போவதில்லை.

இதைத்தான் மனுவில் எழுதினேன். நீங்கள் முதலில் அனுப்பிய பதில் என்ன? 'சம்பந்தப்பட்ட நபர் விசாரணைக் குழு முன் நேரில் ஆஜராகி வாக்குமூலம் அளிக்க வேண்டும்.' எந்த நோய்க்காக அவன் உங்களிடம் வந்தானோ, அந்த நோயையே மறந்துவிட்டு ஒரு குழுவின் முன் வந்து நிற்கச் சொல்கிறீர்கள். கால் உடைந்தவனை மாடி ஏறி வந்து புகார் கொடுக்கச் சொல்வீர்களா?

அவனால் பேச முடியாது, எழுத முடியும். அன்று நடந்ததைத் தன் கையெழுத்தில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தான். யாரும் பார்க்காத இடத்தில் எழுதியதால் எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தேன். உங்கள் அலுவலகத்தில் வாங்க மறுத்தார்கள். நேரில் வந்தால்தான் ஆகும் என்றார்கள். அவன் வரவில்லை என்று கோப்பை மூடிவிட்டீர்கள். நீங்கள் மருத்துவம் படித்தவர். குமாஸ்தாவுக்குப் புரியாதது உங்களுக்குமா புரியவில்லை? கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிஷம் படித்திருந்தால் போதாதா? இதைக் கேட்க எனக்கு வருத்தமாக இல்லை, கோபமாக இருக்கிறது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் திருமுல்லைவாயிலிலும் இவனைப் போல எத்தனை பேர் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார்களோ. வராதவர்களை எந்த ஓ.பி. ரெஜிஸ்டரும் காட்டாது.

கட்டடம் கேட்கவில்லை. நிதி கேட்கவில்லை. பெயரையும் நோயையும் கூவாமல் டோக்கன் எண்ணைக் கூப்பிடுங்கள். அந்த அறையின் கதவைச் சாத்துங்கள். பேச முடியாதவர் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த நான்கு பக்கத்தின் நகலைப் பதிவுத் தபாலில் உங்கள் பெயருக்கே அனுப்பியிருக்கிறேன். நீங்களே பிரித்துப் படியுங்கள். அவனைக் கூப்பிடாதீர்கள். பதிலை அவன் பெயருக்கு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா,
பருத்திப்பட்டு.