பிடிபட்ட மறுநாள்

1995 முதல் தேடப்பட்டு வந்த நாகூர் அபூபக்கர் சித்திக்கும், 1999 முதல் தேடப்பட்டு வந்த மேலப்பாளையம் முகமது அலியும், ஆந்திர மாநிலத்து ராயசோட்டியில் பெயரை மாற்றிக்கொண்டு, சிறு கடை வைத்துப் பிழைக்கும் சாதாரணக் குடித்தனக்காரர்களாக வாழ்ந்திருந்த இடத்தில் தமிழகப் போலீஸாரிடம் அகப்பட்டார்கள் என்ற சமாசாரம் 2025 ஜூலை முதல் தேதி வெளியானபோது, வேறு எந்த ஊரைக் காட்டிலும் வேலூர் அதைக் கூர்ந்து கேட்டது. காரணம் இருந்தது. சித்திக் மீது போலீஸார் அடுக்கும் குற்றச்சாட்டுகளில், நாகூர்ப் பார்சல் வெடிகுண்டு, சிந்தாதிரிப்பேட்டை இந்து முன்னணி அலுவலகக் குண்டுவெடிப்பு, 2011இல் அத்வானியின் யாத்திரைப் பாதையில் திருமங்கலத்துக்கு அருகே வைக்கப்பட்ட குழாய் வெடிகுண்டு ஆகியவற்றோடு, 2012 அக்டோபரில் வேலூரில் வெட்டிக் கொல்லப்பட்ட டாக்டர் அரவிந்த் ரெட்டியின் வழக்கும் இருக்கிறது.

வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி வரும் ஊரில், தம் கிளினிக்கிலிருந்து புறப்பட்ட ஒரு வைத்தியர் வெட்டுண்டு விழுந்தார் என்பது, அவர் பாரதிய ஜனதாக் கட்சியின் மருத்துவப் பிரிவில் பொறுப்பு வகித்தவர் என்ற அரசியல் விவரத்தைத் தாண்டி ஜனங்களைத் தாக்கிய செய்தி. அந்தத் துக்கம் ஆறுமுன், 2013 ஜூலை முதல் தேதி, இந்து முன்னணியின் வெள்ளையப்பன் அதே வேலூரில் பட்டப்பகலில் கொலையுண்டார். மூன்று வாரம் கழிவதற்குள் சேலத்தில் பாரதிய ஜனதாக் கட்சியின் ஆடிட்டர் ரமேஷ். கடையடைப்பும் பந்தோபஸ்துமாகக் கழிந்த அந்த நாட்களை அனுபவித்தவர்கள், இத்தனை வருஷம் கழித்து ஒருவர் பிடிபட்டார் என்று கேட்டு மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பெயரை மாற்றி, மொழியை மாற்றி, மாநிலத்தை மாற்றி வாழ்ந்த மனிதர்களின் சுவடை விடாமல் தொடர்ந்து சென்ற போலீஸாரின் சாமர்த்தியமும் மெச்சத்தக்கதே. பிடிபட்டவர்களின் வீடுகளில் வெடிபொருள்கள் இருந்தன என்று ஆந்திரப் போலீஸார் அறிவித்ததைக் கேட்டவர்கள், நல்ல வேளை என்று பெருமூச்சு விட்டதும் இயற்கை.

ஆனால் அந்தப் பெருமூச்சு அடங்குவதற்குள் டீக்கடை பெஞ்சில் எழுந்த அடுத்த வாக்கியம் என்னை யோசிக்க வைத்தது. "இதுக்கு மேல எதுக்கு சார் கோர்ட்டு, கேஸு? பிடிச்ச இடத்துலயே முடிச்சிருக்கணும்." சொன்னவர் கொடியவர் அல்லர், பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்து, சர்க்கரை குறைவாக ஒரு டீ குடித்துக்கொண்டிருந்த சாது. பக்கத்தில் இருந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். ஒரு மனிதனைத் தேடிப் பிடிப்பதற்குப் போலீஸ் இலாகா 30 வருஷம் பொறுத்திருக்கிறது. பிடித்துக் கொடுத்த பிறகு, அவன்தான் செய்தானா என்று நிதானமாக விசாரிக்க, டீ ஆறும் நேரம்கூடப் பொறுக்க நமக்குச் சம்மதமில்லை. காவல் தொழிலுக்கு அவசியமான குணம் அந்த இலாகாவிடம் இருக்க, அவர்களைப் புகழ்கிற நம்மிடம் அது இல்லாமற் போனது வேடிக்கைதான்.

இதே கேள்வியை 2013லும் கேட்டார்கள். அந்த வருஷம் அக்டோபரில், இதே கொலை வழக்குகளில் தேடப்பட்டு வந்த "போலீஸ்" பக்ருதீன் சென்னையில் அகப்பட்ட மறுநாள், எல்லைக்கு அப்பால் ஆந்திரப் புத்தூரில் ஒரு வீட்டில் பதுங்கியிருந்த, அதே வழக்குகளில் தேடப்பட்ட பிலால் மாலிக்கையும் பன்னா இஸ்மாயிலையும் தமிழகப் போலீஸார் சுற்றி வளைத்தபோது, உள்ளே ஒரு பெண்ணும் சிறு குழந்தைகளும் இருந்தார்கள். முதலில் நுழைந்த இன்ஸ்பெக்டர் லக்ஷ்மணன் படுகாயம் அடைந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்ட பிறகும், அந்தப் பெண்ணும் குழந்தைகளும் வெளியே வரும்வரை, மணிக்கணக்கில் காத்திருந்து, இருவரையும் உயிரோடு பிடித்தார்கள். தம்மில் ஒருவர் ரத்தம் சிந்திய பின்பும் கொல்லாமல் பிடித்த அந்தச் செயலைக் காட்டிலும் பெரிய வீரத்தைப் போலீஸார் காட்டியதாக எனக்கு ஞாபகமில்லை. அன்று ஊரில் எழுந்த பேச்சோ, "அப்பவே சுட்டிருந்தா செலவு மிச்சம்" என்பதாக இருந்தது. செத்தவன் வாக்குமூலம் தரமாட்டான் என்பதும், அவனுக்குப் பின்னால் இருந்தவர்கள் அவனோடு சேர்ந்து தப்பிவிடுவார்கள் என்பதும், செலவுக் கணக்குப் பார்ப்பவர்களுக்குத் தோன்றவில்லை.

வேலூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கூடுதலான விவேகம் இருக்க நியாயம் உண்டு. தொரப்பாடி மத்தியச் சிறையைக் கடந்து போகும் பஸ்ஸில் ஏறாதவர் இந்த ஊரில் யார்? 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவரோடு வேறு பலரும் மாண்டபோது தேசமே கொதித்தது. பிடிபட்டவர் என்று பத்திரிகையில் பெயர் வந்தாலே போதும், அவர் கதை முடிந்தது என்று ஜனங்கள் தீர்மானித்துவிட்ட காலம் அது. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் ஒருசேர மரண தண்டனை விதித்தது. அடுத்த வருஷம் மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடைபோட்டபோது, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாக்கி, மீதி 19 பேர்மேல் கொலைக் குற்றம் நிற்காது என்று அவர்களை விடுவித்தது. ஜனங்களின் முதல் நாள் தீர்ப்பின்படி காரியம் நடந்திருந்தால் அந்தப் பத்தொன்பது பேரும் மண்ணுக்குள் போயிருப்பார்கள். அதைத் தவறென்று சொல்லக்கூட அப்புறம் ஆள் இருந்திராது.

நால்வரில் மூவருக்கு வேலூர்ச் சிறையில் 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்தாகிவிட்டது. அப்போது இதே தமிழ்நாட்டில் ஜனங்களின் மனம் நேர் எதிர்த் திசையில் ஓடியது. காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து மாண்டாள். சட்டசபை தீர்மானம் போட்டது. உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. அவர்களில் பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானபோது இனிப்பு வழங்கியவர்களில் சிலர், 1991இல் அவர் பிடிபட்டபோது பல்லைக் கடித்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். அவர்களைப் பரிகசிக்க நான் இதைச் சொல்லவில்லை. குண்டுக்குப் பாட்டரி வாங்கிக் கொடுத்தவர் என்று குற்றம் சாட்டப்பட்ட அந்தப் பேரறிவாளனின் வாக்குமூலத்தில், அது எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பகுதியைத் தாமே விட்டுவிட்டதாக, அதை எழுதி வாங்கிய அதிகாரியே 2013இல் ஒப்புக்கொண்டார். ஆவேசத்தில் இருந்த எந்த ஜனக்கூட்டமும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டிருக்க முடியாது. அதற்குக் காதும் அவகாசமும் வேண்டும்.

"இவனுக்கு எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது" என்பது பெஞ்சில் கேட்ட இன்னொரு யோசனை. வக்கீல் சங்கங்கள்கூட இப்படித் தீர்மானம் போட்டது உண்டு. அது சட்டத்துக்கும் தொழில் தர்மத்துக்கும் விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பரில் தீர்ப்புச் சொன்ன வழக்கு எங்கே பிறந்தது தெரியுமா? நம் கோயம்புத்தூரில். அங்கே எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்கள் பயங்கரவாதிகள் அல்லர். வக்கீல்களோடு மோதிய சில போலீஸ்காரர்கள். இன்று ஒருவனுக்காக உண்டாக்கும் விலக்கு நாளைக்கு யார் தலையில் விடியும் என்று சொல்வதற்கில்லை.

ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலைப் பதப்படுத்திய பழைய காலத்துக்காரர்கள், எடுத்த எடுப்பில் கடுஞ்சாற்றில் போட்டால் மேல்புறம் மட்டும் இறுகி நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிடும் என்று, நீர்த்த பழஞ்சாற்றில் தொடங்கிப் படிப்படியாகவே ஏற்றுவார்கள். அவசரத் தீர்ப்பும் அப்படித்தான். வெளிப்பார்வைக்கு உறுதியாக இருக்கும்.

தோல் என்றதும் ஒரு காட்சி ஞாபகத்துக்கு வருகிறது. செய்தி வந்த வாரம், ஆம்பூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் செலக்‌ஷன் போடும் மேஜையருகே நின்றுகொண்டிருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு தோலாக விரித்து, உண்ணி கடித்த தழும்பையும், உரிக்கும்போது விழுந்த கத்திக் காயத்தையும் உள்ளங்கையாலேயே கண்டுபிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கு அடுக்காக ஒரு பெரியவர் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜைப் பையன் கைபேசியைப் பார்த்துச் செய்தியைச் சொன்னான்.

"எந்த ஊராம்ப்பா?" என்றார் பெரியவர், நிமிராமல்.

"நாகூராம், பாய். இன்னொருத்தன் மேலப்பாளையமாம்."

"நம்ப பக்கம் யாரும் இல்லியே?"

"இல்ல பாய்."

கையிலிருந்த தோலை இரண்டாவது அடுக்கில் போட்டார். அடுத்ததை விரித்துக்கொண்டே, "என் சின்னப் பையன் பெங்களூர்ல ரூம் தேடினு இருக்கான்" என்றார். பையன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

யாரோ ஒருவன் பிடிபட்டதும் கொண்டாட ஒரு பகுதி ஜனங்களுக்கு முடிகிறது. இன்னொரு பகுதியினர், தாமும் அந்தக் கொலைகளை வெறுப்பவர்களாயிருந்தும், முதலில் ஊரையும் பெயரையும் விசாரித்துவிட்டு, அதன் பிறகே மூச்சு விட வேண்டியிருக்கிறது. 2022 ஜூலை இறுதியில் ஆம்பூரில் ஒரு பொறியியல் மாணவனை உளவுத்துறையினர் விசாரணைக்கு அழைத்துச் சென்ற பின் அவன் கைதானபோது, அவர்கள் பயந்த அந்தப் பதில் "நம்ப பக்கம்தான்" என்று வந்தது. பிரியாணிக்கும் செருப்புக்கும் பெயர்போன ஊர் ஒரே மாலையில் வேறு ஒரு பட்டியலில் சேர்ந்தது. அவன் மீதான குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என்பது நீதிமன்றத்தின் காரியம். அதே சுற்றுவட்டாரத்துப் பெண்கள் விடியற்காலையில் கம்பெனி வேனுக்குக் காத்து நின்று, பர்தா அணிந்தவரும் பொட்டு வைத்தவரும் ஒரே வரிசைத் தையல் மிஷினில் ஒரே ஷூவின் இரு பக்கங்களைத் தைத்து முடித்தது அன்றும் நடந்தது. அது செய்தியாகாது என்பதும் எனக்குத் தெரிந்ததே.

கண்டனம் செய்யுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரை நோக்கிக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் அரவிந்த் ரெட்டியின் மரணத்துக்கு வருந்தியவர்களின் கணக்கை மதவாரியாக எடுத்தவர் யாருமில்லை. எடுக்க நினைப்பவர், முதலில் தம் சொந்தப் பங்கை, அதாவது அந்த வழக்கின் ஒரு வாய்தாவையாவது விசாரித்ததுண்டா என்பதை, மனசாட்சியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வழக்குகளில் இனிமேல்தான் கடினமான வேலை இருக்கிறது. 2012இல் சம்பவத்தைப் பார்த்தவர்களை நீதிமன்றத்துக்கு அழைத்து ஆளை அடையாளம் காட்டச் சொல்ல வேண்டும். 1995இல் 30 வயதாக இருந்த சாட்சிக்கு, இவர்கள் பிடிபட்டபோது 60. சிலர் ஊர் மாறியிருப்பார்கள், சிலர் கண் மங்கியிருப்பார்கள், சிலர் இல்லாமலே போயிருப்பார்கள். பிரேத பரிசோதனை செய்தவர், மகஜரில் கையெழுத்திட்டவர், தடயத்தைச் சோதித்தவர் என்று ஓய்வு பெற்றுப் போனவர்களையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தேடலுக்குச் சுவரொட்டியும் கிடையாது, சன்மானமும் கிடையாது. சம்மனை எடுத்துக்கொண்டு வெயிலில் வீடு வீடாக விலாசம் விசாரிக்கப் போகிற கான்ஸ்டபிளுக்கு டீக்கடை பெஞ்சில் இடம் விட்டு உட்காருகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும்.