எடைக்குப் போகும் ஏடுகள்

சென்னை எழும்பூரில் 1909ஆம் ஆண்டு முதல் நிலைத்து நிற்கும் அரசு ஆவணக் காப்பகத்துட் புகுந்து, 1921இல் பெரம்பூர்ப் பின்னி ஆலைத் தொழிலாளர் நிகழ்த்திய வேலைநிறுத்தத்தைப் பற்றி அறிய வேண்டுமெனக் கேட்போர்க்கு அரசின் கோப்புகள் கிடைக்கும். காவல்துறை எழுதியது கிடைக்கும். ஆட்சியாளர் எழுதியது கிடைக்கும். பெரும்பாலும் ஆங்கிலம். ஆனால் அவ் வேலைநிறுத்தத்தில் திங்கட்கணக்கிற் பட்டினி கிடந்தவன், எத்தெருத் திண்ணையில் யாரோடு கூடினான், என்ன முடிவெடுத்தான், கஞ்சிக்கு எவ்வளவு காசு தண்டினான் என்று அவனே தன் தமிழில் எழுதிவைத்த ஏடு வேண்டுமெனின், அது காண்பதற்கே அரிதாகிவிட்டது. அடக்கியவன் எழுதியது காப்பகத்திலும், அடங்க மறுத்தவன் எழுதியது பழந்தாட் கடையிலும் இருக்குமாயின், நாளை எழுதப்பெறும் வரலாறு யாருடைய வரலாறாக இருக்கும்?

குமுக நயன்மையைப் பற்றி மேடைதோறும் முழங்கும் நாடு இது. 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் உழைப்பாளர் விழாவெடுத்த கடற்கரை இச் சென்னையிலேதான் உள்ளது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் எனப் போற்றப்பெறும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்பிரல் 27இல் தோன்றியதும் இங்கேதான். அதன் தலைவர் வாடியாவின் ஆங்கிலச் சொற்பொழிவுகள் 1921இலேயே நூலாகிவிட்டன. பின்னி நிறுமம் 1920இல் அவர்மீதும் பிறர்மீதும் தொடுத்த வழக்கு, 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பிறப்பதற்கு ஒரு தூண்டுகோலாயிற்று. ஆகலின் அதுவும் சட்டநூல்களில் இடம்பெற்றுவிட்டது. திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் விரித்தெழுதியமையால் தமிழிலும் ஒரு பதிவு எஞ்சிற்று. அப் பெருமகனார் எழுதாதிருந்தால் நம் நிலை என்னாகும்? தலைவர் எழுதினர்; எதிரியர் எழுதினர். செல்வபதியாரும் இராமானுசலுவும் கூட்டிய கூட்டங்களில் வெறுந்தரையில் அமர்ந்து கேட்டானே, அவன் எழுதியது எங்கே?

இவ் வெறுமையால் விளைந்த கேடு சிறிதன்று. 1921 வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடர் என அந்நாளில் அழைக்கப்பெற்ற நம் மூத்த தமிழ்க்குடியினருட் பலர் ஆலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் உழைப்பவனும் உழைப்பவனும் மோதிக்கொண்டனர், குடிசைகள் எரிந்தன, காவலர் சுட்டு உயிர்கள் மாண்டன. அவர்கள் ஏன் திரும்பினர்? வெள்ளை முதலாளியின் வலையில் வீழ்ந்தனர் என்பார் ஒருசாரார். பட்டினி தாங்கச் சேரிமக்களுக்கு வைப்புப்பொருள் ஏது, சங்கத்தில் அவர்களுக்கு ஒத்த இடம் இருந்ததா என்று வினவுவார் மற்றொரு சாரார். அவரவர் தலைவர் கூற்றைக் காட்டி நூறாண்டாய் வழக்காடி வருகிறோம். புளியந்தோப்புச் சேரியின் கூட்டத்தில் அன்று பேசப்பட்டதை ஒருவர் எழுதி, அதனை மற்றொருவர் காத்திருந்தால், இவ் வழக்கில் அம் மக்களே சான்றுரைத்திருப்பர். அச் சான்று நமக்கு உவப்பாகத்தான் இருந்திருக்கும் என்று யான் சொல்லவில்லை. நம்மைச் சுடுவதாகவும் இருந்திருக்கலாம். அதற்காகவும் அது வேண்டும்.

காத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சென்னையிலேயே சான்றுண்டு. அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் கிழமை இதழைத் தொடங்கி, 1914இல் தாம் மறையும்வரை நடத்தினார். பின்னர் அவ்விதழ் கோலார் தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. அதன்பின் பல்லாண்டுகள் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பெரும்பாலோர்க்கு அவர் பெயரே தெரியாது. ஒடுக்கப்பட்ட மக்கள் தம் வீட்டுப் பெட்டிகளில் அவ்விதழ்களைப் பொதிந்துவைத்திருந்தனர். அவற்றின் துணையாற்றான் 1999இல் அவர்தம் எழுத்துகள் பெருந்தொகுதிகளாகப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன. அதன்பின் தமிழ்நாட்டு அறிவுவரலாற்றையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று. கற்றறிந்தோர் தவறவிட்டதைக் காத்தவர்கள் கூலிக்கு உழைத்த குடும்பத்தினர் என்பதை நினைக்கும்போது, தமிழாசிரியனாகிய எனக்கு நாணமே மேலிடுகின்றது.

அந் நாணத்திற்கு என் சொந்தக் கதையும் ஒன்றுண்டு. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தையார், கூவத்தங்கரைக் குடிசைப் பகுதியொன்றில் எழுபதுகளில் இயங்கிய படிப்பக மன்றத்தின் செயலாளராக இருந்தவர். அம் மன்றத்தின் கூட்டக் குறிப்பேட்டை ஒருநாள் அவன் என்னிடம் கொணர்ந்தான். பதினான்கு ஆண்டுக் குறிப்புகள். தெருக்குழாய் வேண்டி மாநகராட்சிக்கு எத்தனை முறை நடந்தனர், கைம்பெண் ஒருவரின் அடக்கச் செலவுக்கு எத்தனை பேர் கால்வெண் பொன்போலக் கால் உருபா கொடுத்தனர், சாதிப்பெயர் சொல்லி ஒருவனை இழித்தவனுக்கு என்ன தண்டம் என்பனவெல்லாம் அதில் இருந்தன. தொடக்கத்தில் ‘மாதச் சந்தா’ என்று எழுதிய பொருளாளர், சில ஆண்டுகளில் ‘திங்கட் காசு’ என்று எழுதத் தொடங்கியிருந்தார். அவருக்குத் தனித்தமிழ் கற்பித்தவர் எவரோ! பல்கலைக்கழகம் அன்று என்பது மட்டும் உறுதி.

அவ்வேட்டில் ஒரு பக்கத்தை இன்றும் மறக்கவியலவில்லை. கூட்டத்திற்கு வந்தோர் பெயர்களுக்கு எதிரே ஒன்பது கைந்நாட்டுகள். நான்காண்டு கழித்து மற்றொரு பக்கத்தில் அதே ஒன்பது பெயர்களுள் ஐந்தன் எதிரே கோணல்மாணலாகக் கையெழுத்துகள். இடையில் மன்றம் இரவுப்பள்ளி நடத்தியிருந்தது. அப் பள்ளிக்கு அரசின் ஏற்பு இல்லை, பதிவேடு இல்லை, படம் இல்லை. அது நடந்தது என்பதற்கு உலகத்தில் எஞ்சியிருந்த ஒரே சான்று அவ்விரு பக்கங்களே. யான் அவ்விரண்டையும் மட்டும் படியெடுத்துக்கொண்டு, ‘பிறகு முழுதும் எடுப்போம்’ என்று ஏட்டைத் திருப்பிக் கொடுத்தேன். சில ஆண்டுகளில் அக் குடிசைகள் அகற்றப்பெற்றன. அக் குடும்பத்தைப் பெரும்பாக்கத்து அடுக்கு வீடொன்றிற்கு அனுப்பினர். யான் தேடிச் சென்று கேட்டபோது மாணவனின் தாயார், “வண்டியிலே இடம் இல்லைன்னு சொன்னாங்க ஐயா, பழைய தாளையெல்லாம் எடைக்குப் போட்டுட்டோம்” என்றார். அவர்மீது குற்றமில்லை. அடுப்பையும் பாயையும் ஏற்றுவதா, ஏட்டை ஏற்றுவதா என்றால் அடுப்பைத்தான் ஏற்ற முடியும். குற்றம், ‘பிறகு’ என்ற என் சொல்லில் இருந்தது.

யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் 1981இல் பகைவர் எரித்தனர். அதை நினைத்து இன்றும் நாம் குமுறுகிறோம். இங்கோ எரிப்பாரின்றியே ஏடுகள் அழிகின்றன. செயலாளர் மறைகிறார், பெட்டி மருமகள் கைக்கு வருகிறது. அமைப்பு இரண்டாகப் பிளக்கிறது. ஏடு எவரிடம் என்பதே தெரியாமற் போகிறது. குடிசை பெயர்கிறது. 2015இலும் 2023இலும் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது தாழ்வான தெருக்களிற் கரைந்த தாள்களுக்குக் கணக்கேயில்லை. இன்று இயங்கும் அமைப்புகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. முடிவுகளெல்லாம் கைப்பேசியில் புலனக் குழுவில் எடுக்கப்பெறுகின்றன. கைப்பேசி பழுதானால் ஓராண்டு வரலாறு போயிற்று. முடிவை ஒரு தாளில் எழுதி நாளிட்டுக் கையெழுத்திடக் கால்நாழிகை ஆகுமா?

ஏட்டுச்சுவடி தேடி உ.வே.சா. அலைந்த கதையை மாணவர்க்குக் கற்பிக்கிறோம். கோட்டையூர் ரோசா முத்தையா தனியொருவராய்த் துண்டறிக்கையும் அழைப்பிதழும்கூட விடாமற் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத் தொகுப்பே 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. எனவே வேண்டுவது கோடிப் பணம் அன்று. துருவேறும் குண்டூசியையும் கம்பியையும் மெல்ல நீக்குக. கிழிசலில் ஒட்டுநாடா ஒட்டற்க. ஞெகிழித்தாளிட்டு இறுக மூடற்க. தரைக்கு மேலே, சுவரை ஒட்டாமல் வைக்க. ஒழுங்கு செய்கிறேன் என்று கட்டுகளைக் கலைத்துவிடாதீர். எது எதனோடு கிடந்தது என்பதும் ஒரு சான்று. படமெடுப்பின் அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுத்து, எவ்வமைப்பு, எவ்வூர், எவ்வாண்டு என்று எழுதிவைக்க. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: உறுப்பினர் பட்டியலில் உயிரோடிருப்போர் பெயர்கள் இருக்கும்; குடும்பப் பூசல்களும், காவல்துறை வழக்குகளும் இருக்கும். அவர்தம் இசைவின்றி எவர்க்கும் காட்டற்க. காப்பது வேறு; கடைவிரிப்பது வேறு.

வரும் சுறவத் திங்கள் முதல் இவ்விதழின் ஈற்றுப் பக்கத்தில், சேரி மன்றங்கள், வண்டியிழுப்போர் கழகங்கள், துப்புரவுத் தொழிலாளர் அமைப்புகள், ஆலைத்தெருப் படிப்பகங்கள் ஆகியவற்றின் ஏடுகள் எங்கெங்கு உள்ளன என்னும் பட்டியலைத் தொடர்ந்து வெளியிடவிருக்கிறோம். ஏட்டை அனுப்ப வேண்டா. உள்ள இடத்திலேயே இருக்கட்டும். அஞ்சலட்டையில் அமைப்பின் பெயரையும், ஆண்டையும், ஏடு நோட்டா கட்டா என்பதையும் எழுதினாற் போதும்; அன்பர் ஒருவர் நேரில் வந்து படியெடுப்பார். பட்டியலின் முதல் எண்ணை, கூவத்தங்கரை மன்றத்தின் அவ்விரண்டு பக்கப் படிக்குக் கொடுத்திருக்கிறோம்.