கைப்பேசியும் கணக்கேடும்

அவிசாவளையைக் கடந்து இரத்தினபுரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் எஹலியகொட வருகின்றது. நிலத்தைக் குடைந்து மாணிக்கம் தேடுவோரும், மலைச்சரிவில் றப்பர்ப் பால் வெட்டுவோரும், தேயிலைக் கொழுந்து பறிப்போரும் வாழும் ஊர் இது. இவ்வூரை அண்டிய தோட்டமொன்றின் மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

“சேர், கொம்பியூட்டர் இல்லாமல், போனிலேயே ஒரு அப் செய்யலாமா?”

எதற்கென்று வினவினேன். அவனுடைய தாயார் கொழுந்து பறிப்பவர். அன்றாடம் நிறுக்கப்படும் கிலோவை அவர் மனத்திலே வைத்திருக்கின்றார்; தோட்டத்துக் கணக்கோ செக்றோலிலே இருக்கின்றது. மாத முடிவில் இரண்டும் ஒத்துவராதபோது மனக்கணக்கு தோற்கின்றது, ஏட்டுக்கணக்கு வெல்கின்றது. “அம்மாவும் ஒரு கணக்கு வைத்திருக்க வேணும், சேர்” என்றான் பையன்.

இஃது ஒரு வீட்டின் குறை மாத்திரமன்று. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டுமென்று தோட்டத் தொழிலாளர் நெடுங்காலம் குரல் கொடுத்தனர். 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அது வர்த்தமானியில் வெளிவந்தது. அதன் பின்னரோ, எத்தனை கிலோவுக்கு முழுப்பேர், எத்தனை கிலோவுக்கு அரைப்பேர் என்னும் வழக்குப் பல தோட்டங்களிலே மூண்டது. கிலோவே கூலியாகும் இடத்தில், கணக்கு வைத்திருப்பவனே வல்லவன்.

ஆகவே பையனுக்கு “செய்யலாம்” என்று விடையளித்தேன். அவ்விடையின் பொருளை ஆசிரியர்கள் முன்னும் இலக்கிய அன்பர்கள் முன்னும் விளக்க விரும்புகின்றேன்.

அவன் கையிலிருந்தது விலை மலிந்த அன்ட்ரொயிட் கைப்பேசி. அதனுள்ளே இருப்பது லினக்ஸ் என்பதை அவன் அறியான். அவனுக்குக் கற்பிக்கும் நம்மிற் பலரும் அறியோம். 1991ஆம் ஆண்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திற் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தம் கணினிக்கென ஓர் இயங்குதளத்தின் கருவை எழுதத் தொடங்கினார். எழுதியதைப் பூட்டிவையாமல், யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் விட்டுவிட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த குனூ பொது உரிமத்தை 1992இல் அதற்கு ஏற்றுக்கொண்டார். 2008இல் விற்பனைக்கு வந்த முதலாவது அன்ட்ரொயிட் கைப்பேசியும் அக்கருவின் மீதே அமைந்தது. ஒரு மாணவர் தொடங்கிய பணி இன்று நம் மாணவரின் சட்டைப்பையில் இருக்கின்றது. ஆயினும் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டுமே அது பயன்படுமென்று நாம் நம்பியிருக்கின்றோம்.

லினக்ஸை இன்னும் வெளிப்படையாகத் தாங்கும் கைப்பேசித் தளங்களும் உண்டு. கனொனிக்கல் நிறுவனம் 2017இல் கைவிட்ட உபுண்டு ரச் என்பதைத் தொண்டர்கள் எடுத்து வளர்த்து வருகின்றனர். எனினும் நம்மூர்க் கடைகளில் எளிதிற் கிடைப்பது அன்ட்ரொயிட்டே; கையிலுள்ளதைக் கொண்டு தொடங்குவதே அறிவுடைமை.

தொடங்கும் வழி மூன்று படிகளாகும்.

முதலாவது, டேர்மக்ஸ் என்னும் செயலி. கட்டற்ற மென்பொருள்களை மாத்திரம் வைத்திருக்கும் எஃப்-ட்ரொயிட் களஞ்சியத்திலிருந்து அதை இலவசமாகப் பெறலாம். அதைத் திறந்தால், கறுப்புத் திரையிலே கட்டளைகளை எழுதும் லினக்ஸ் சூழல் ஒன்று தோன்றும். அங்கே பைதன் மொழியை நிறுவிக்கொள்ளலாம். நம் நாட்டு உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர் கற்பதும் இம்மொழியே. காலை, நண்பகல், மாலை நிறுவைகளை வாங்கிக் கூட்டிச் சொல்லும் நிரலுக்குப் பத்து வரிகள் போதும்.

இரண்டாவது, அந்நிரலுக்கு ஒரு முகம் அமைத்தல். கறுப்புத் திரையைத் தாயார் விரும்பார். இணையப் பக்கங்களை ஆக்கும் எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றைக் கற்று, எண்களை இடும் பெட்டிகளும் பெரிய பொத்தான்களும் கொண்ட ஒரு பக்கத்தை எழுதலாம். அதைக் கைப்பேசியின் உலாவியிலேயே திறந்து பயன்படுத்தலாம். இதுவரைக்கும் கணினி தேவையில்லை.

மூன்றாவது, முழுமையான செயலி. இதற்குக் கொட்லின் மொழியும் அன்ட்ரொயிட் ஸ்டூடியோ என்னும் கருவியும் வேண்டும். அக்கருவிக்குக் குறைந்தது 8 ஜிகாபைட் நினைவகமுள்ள கணினி தேவை. இந்தப் படியிலேதான் பாடசாலையின் கணினி அறை வேண்டப்படுகின்றது. செய்த செயலியைக் கூகிளின் கடையில் வைப்பதற்கு ஒருமுறை 25 அமெரிக்க டொலர் பதிவுக் கட்டணமுண்டு. நிரலை யாவருக்கும் திறந்துவைக்க உடன்பட்டால் எஃப்-ட்ரொயிட்டில் வைப்பதற்குக் கட்டணமில்லை.

இவையெல்லாம் கணினி ஆசிரியரின் பாடு, தமிழாசிரியனுக்கு இங்கே என்ன வேலை என்பாரும் உளர். அவர்களுக்கு ஓர் உதாரணம் காட்டுவேன். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று சிறு குழந்தையும் சொல்லும். பைதனைக் கேட்டாலோ ஐந்து என்கின்றது. ஒருங்குறி முறையில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகளாகவே அச்சொல் பதியப்படுகின்றது. இதனை அறியாதவன் எழுதும் நிரலில், பெயரெழுதும் பெட்டி நிறைந்ததும் பெயரின் கடைசிப் புள்ளி உதிர்ந்துபோகும், மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். இக்குறையை நீக்கத் தமிழ் அன்பர்கள் ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் நிரற்றொகுதியை ஆக்கித் திறந்துவைத்திருக்கின்றனர். எழுத்திலக்கணம் தெரிந்தவன் துணையின்றிக் கணினிக்குத் தமிழ் கற்பிக்க இயலாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் நாட்டவருக்கு இத்தகைய பணி புதிதுமன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், காணாமற்போனோரையும் நிவாரணப் பொருள்களையும் கணக்கிட இலங்கையின் கணினித் தொண்டர்கள் ‘சகன’ என்னும் திறந்த மென்பொருளை எழுதினர். சிங்களத்தில் நிவாரணம் என்பதே அதன் பொருள். மறு ஆண்டு பாகிஸ்தானில் நேர்ந்த நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. துயருற்ற மண்ணிலிருந்தே அத்துயருக்கான கருவி பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது. தோட்டத்துக் கணக்குக்கு வேண்டிய கருவியும் தோட்டத்தைத் தெரிந்தவர் கையிலிருந்து பிறப்பதே இயல்பு.

இதிலே ஒரு மயக்கத்துக்கும் நான் இடங்கொடேன். ஒரு செயலியால் கூலி உயர்ந்துவிடாது. தராசு பிறர் கையிலே இருக்கும்வரை, தாய் பதியும் எண்ணும் தராசு காட்டிய எண்ணே. ஆயினும் நாளும் கிலோவும் குறித்த ஒரு பதிவு கையிலிருந்தால், மாத முடிவில் கேட்கும் கேள்விக்கு முதுகெலும்பு உண்டாகின்றது. ‘குறைந்தாற்போல் இருக்கின்றது’ என்பதற்கும், ‘பன்னிரண்டாந் தேதி மாலை நிறுவை விடுபட்டிருக்கின்றது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கப்பிள்ளையும் அறிவார்.

பையன் முதற்படியைச் சில வாரங்களில் ஏறிவிட்டான். மூன்று நிறுவைகளைக் கூட்டும் நிரலைத் தாயாருக்குக் காட்டினானாம். அவர் பார்த்துவிட்டு, “கூடைக்கும் ஈரத்துக்கும் கழிக்கிற கிலோவை எங்கே தம்பி எழுதுறது?” என்று கேட்டாராம். நானும் நினையாதது அது, பையனும் நினையாதது. எழுதப் படிக்க அதிகம் அறியாத அந்த அம்மையார் கேட்ட பின்னரே, நிரலில் நான்காவது பெட்டியொன்று தோன்றியது. எந்தக் கருவிக்கும் முதல் ஆசான் அதைக் கையாளப் போகின்றவரே என்பதை அன்று நான் கற்றேன்.

எஹலியகொடவிலும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப்புறங்களிலும் பணிபுரியும் ஆசிரிய நண்பர்களை வேண்டுவது இதுவே: பூட்டிக் கிடக்கும் கணினி அறையை வாரத்தில் ஒரு மணிநேரம் திறந்துவிடுங்கள். கணினி அறையே இல்லாத பாடசாலையாயின், மரநிழலில் மாணவரின் கைப்பேசிகளைக் கொண்டே தொடங்குங்கள். ‘உன் வீட்டில் எந்தக் கணக்கு ஒத்துவரவில்லை?’ என்று முதற்கேள்வி கேளுங்கள். மற்றப் பாடங்கள் அக்கேள்வியின் பின்னே தாமாக வரும்.