விழாவிட்டால் யாருக்கு?

சாயங்காலம் 3 மணி ஆனால் பொள்ளாச்சியில் சில பேருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. தேங்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறவர், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர், ஆபீசில் பைல் பார்க்கிற குமாஸ்தா எல்லாரும் செல்போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து விடுகிறார்கள். திருவனந்தபுரத்தில் கேரள லாட்டரி குலுக்கல் நடக்கும் நேரம் அது.

தமிழ்நாட்டில் லாட்டரி கிடையாது. 2003-ம் ஆண்டு ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் தடை போட்டார்கள். அன்றைக்குப் பல குடும்பங்களில் பெண்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் பொள்ளாச்சிக்காரருக்கு அந்தத் தடை ஒரு பஸ் டிக்கெட் தூரம்தான்.

கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எந்தப் பக்கம் எல்லையைத் தாண்டினாலும் வரவேற்பது லாட்டரி கடைதான். வாங்க வருகிறவர்களில் நம்ம ஊர் ஆட்கள் ஏராளம். ஓணம் பம்பர் விற்பனையில் பாலக்காடு மாவட்டம் முன்னால் நிற்கிறதே, அது பாலக்காட்டுக்காரர் பணத்தால் மட்டும் அல்ல. 2023-ம் ஆண்டு ஓணம் பம்பரில் முதல் பரிசு ரூ.25 கோடி அடித்தது திருப்பூர் பக்கத்து ஆட்கள் 4 பேருக்கு. சீட்டு விற்றது வாளையாறில். அந்தச் செய்தி வந்த பிறகு எல்லைக் கடைகளுக்கு வேறு விளம்பரம் தேவையா?

இப்படிக் கொழித்த கடைகளுக்கும் இப்போது நாலு பக்கமும் போட்டி.

கடையை நெருக்கும் போட்டி

முதல் அடி வரி. 2020-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் வரை மாநில அரசு தன் எல்லைக்குள் விற்கும் லாட்டரிக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதம். பிறகு அது 28 ஆனது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் 40 சதவீதம். அதற்கு முன்பே, 2025 மே மாதத்தில், ரூ.40-க்கு விற்ற தினசரிச் சீட்டை ரூ.50 ஆக்கி, முதல் பரிசை ரூ.1 கோடி ஆக்கினார்கள். சீட்டு விலை இதற்கு மேல் ஏறினால் வாங்குகிறவன் ஓடி விடுவான். அப்புறம் பரிசிலோ, ஏஜெண்டு கமிஷனிலோதான் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது போட்டி, 'மூணு நம்பர்'. இது முழுக்கக் கள்ளத்தனம். சீட்டே கிடையாது. கேரளக் குலுக்கலில் விழும் எண்ணின் கடைசி 3 இலக்கத்தின் மீது பந்தயம். துண்டுக் காகிதத்தில் எழுதித் தருகிறார்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்-அப்பில் வாங்கிக்கொள்கிறார்கள். எல்லைக்குப் போக வேண்டாம், வரியும் கிடையாது. விழுந்தால் பணம் தருவது அந்தப் பேர்வழியின் மனசு. தராவிட்டால் எந்த போலீஸ் நிலையத்தில் போய் அழுவது?

மூன்றாவது, சட்டைப் பையில் இருக்கும் செல்போன். ரம்மி என்றும் கிரிக்கெட் என்றும் வந்த ஆன்லைன் ஆட்டத்தில் பணத்தைத் தொலைத்து உயிரை விட்டவர்கள் தமிழ்நாட்டில் பலர். 2022-ம் ஆண்டு தமிழக சட்டசபை தடைச்சட்டம் நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பி, மறுபடியும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து விட்டது. நாட்டில் 45 கோடிப் பேர் ஆண்டுக்கு சுமார் ரூ.20 ஆயிரம் கோடியை இதில் இழக்கிறார்கள் என்று அப்போது மத்திய அரசே சொன்னது. இங்கே உள்ள கம்பெனிகள் கடையை மூடினாலும் வெளிநாட்டில் உட்கார்ந்து வலை விரிக்கிறவர்கள் மூடவில்லை.

நான்காவது போட்டி பணக்காரர்களுக்கு. கோவாவில் மாண்டோவி ஆற்றில் கப்பலிலேயே காசினோ நடக்கிறது. அவர்களுக்கும் இப்போது வயிற்றெரிச்சல். 2025 ஆகஸ்டு 2-ந் தேதி கொழும்பில் 'சிட்டி ஆப் டிரீம்ஸ்' என்ற பிரமாண்டமான ஓட்டலும் காசினோவும் திறந்தார்கள். அவர்கள் கண் வைத்திருப்பது இந்தியப் பயணிகள் மீது.

போட்டி வந்தால் யாருக்கு லாபம்?

பொள்ளாச்சிக்காரருக்கு வியாபாரம் சொல்லித்தர வேண்டியது இல்லை. தோப்புக்குத் தேங்காய் வாங்க ஒரு வியாபாரி வந்தால் அவர் வைத்ததுதான் விலை. காங்கேயத்திலிருந்து இன்னும் நாலு பேர் வந்தால் விலை தானாக ஏறும். மாட்டுச் சந்தையிலும் அப்படித்தான். ஒரே தெருவில் ரெண்டு மளிகைக் கடை இருந்தால் வீட்டுக்காரம்மாவுக்கு நாலு காசு மிச்சம். போட்டி வந்தால் ஜனங்களுக்கு லாபம்.

சூதாட்டத்தில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். நாலு கடை வந்தால் விலை குறையாது. ஆசைதான் கூடும். லட்சங்களில் இருந்த பரிசு ரூ.1 கோடி ஆகும். வாரம் ஒரு தடவை வாங்கினவன் தினமும் வாங்குவான். எல்லைக்குப் போக பஸ் காசு இல்லாத அன்றைக்கு மூணு நம்பர் எழுதுவான். ராத்திரி தூக்கம் வராமல் செல்போனைத் தடவுவான். ஒரு கடைக்காரர் நஷ்டப்பட்டால் இன்னொருவருக்கு அது லாபம். ரெண்டு பேருக்கும் மூலதனம் அவன் கூலி.

லாட்டரிக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்டால், கடைக்காரருக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வாங்குகிறவருக்கு இல்லவே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

'அம்பது ரூபாதானுங்க' என்பார்கள். தினம் ஒரு சீட்டு என்றால் வருடத்துக்கு ரூ.18 ஆயிரத்து 250. ஒரு குலுக்கலுக்கு அச்சாகும் சீட்டு ஒரு கோடியை ஒட்டி. தினம் ஒரு சீட்டு வாங்குகிறவனுக்கு முதல் பரிசு ஒரு தடவை விழ, சராசரியாக 27 ஆயிரம் வருடம் காத்திருக்க வேண்டும். அத்தனை ஆயுசு யாருக்கு இருக்கிறது? அதே மாதம் ரூ.1,500-ஐ போஸ்ட் ஆபீசில் தொடர் வைப்பாகக் கட்டினால், இன்றைய வட்டியில் 5 வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். குலுக்கல் தேவை இல்லை.

பணம் போகும் இடம்

தமிழ்நாட்டில் 1968-ம் ஆண்டு அண்ணா ஆட்சியில் அரசு பரிசுச் சீட்டு வந்தபோது, 'விழுந்தால் வீட்டுக்கு; விழாவிட்டால் நாட்டுக்கு' என்றார்கள். அதே ஆண்டு ஜனவரி 26-ந் தேதிதான் கேரளத்தின் முதல் குலுக்கல். சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு ரூ.50 ஆயிரம். இன்றைக்கு அந்த லாட்டரி ஆண்டுக்கு ரூ.12 ஆயிரம் கோடிக்கு மேல் விற்கிறது.

கேரளத்தைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. அங்கே ஊனமுற்றோர், வயதானவர்கள் என்று எத்தனையோ பேர் லாட்டரி விற்றுத்தான் கஞ்சி குடிக்கிறார்கள். 2011-ல் 'காருண்யா' என்று ஒரு லாட்டரி தொடங்கி, அதில் வந்த பணத்தில் ஏழை நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஆனால் பொள்ளாச்சி கூலித் தொழிலாளிக்கு அதில் என்ன பங்கு? விழுந்தால் வீட்டுக்கு, சரி. விழாவிட்டால் யார் நாட்டுக்கு?

மொத்த வியாபாரிகளுக்கும் குறைவில்லை. தேர்தல் பத்திர விவரம் 2024 மார்ச்சில் வெளியானபோது, அதிகப் பணம் கொடுத்து வாங்கிய கம்பெனி எது என்று பார்த்தால், கோவை முகவரி கொண்ட லாட்டரி கம்பெனி. ரூ.1,368 கோடி! லாட்டரிக்குத் தடை உள்ள மாநிலத்தில் முகவரி. வியாபாரம் வேறு மாநிலங்களில்.

பெரிய தலைகளைப் பிடியுங்கள்

பொள்ளாச்சி போலீசார் சும்மா இல்லை. அடிக்கடி மூணு நம்பர் ஆசாமிகள் பிடிபடுகிறார்கள். துண்டுச் சீட்டு, செல்போன், சில ஆயிரம் ரூபாய் பறிமுதல். மறுநாள் வேறு தெருவில் வேறு ஆள். பிடிபடுவது எழுதிக் கொடுக்கும் எடுபிடி. பணம் போய்ச் சேரும் இடம் எது? யாருடைய வங்கிக் கணக்கு? செல்போனில் பணம் கைமாறும் காலத்தில் இதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. மனசு இருந்தால் போதும்.

வேலை கொடுக்கிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. தென்னந்தோப்பு, கயிறு மில், மண்டி முதலாளிகள் வாரக் கூலியில் ஒரு பகுதியைத் தொழிலாளி சம்மதத்தோடு அவர் பேரில் போஸ்ட் ஆபீஸ் கணக்கில் போட ஏற்பாடு செய்யலாம்.

தடை போட்டு 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. சீட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் போனது. ஆசை இந்தப் பக்கமே நின்று விட்டது. அந்த ஆசையைத்தான் நாலு பேர் போட்டி போட்டு விலை பேசுகிறார்கள்.

இன்று 3 மணிக்கும் குலுக்கல் நடந்திருக்கும். யாரோ ஒருவருக்கு ஒரு கோடி விழுந்திருக்கும். இந்தப் பத்திரிகையை பஸ்சில் படிக்கிறவர் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தால், வீட்டுக்குப் போனதும் அதை மனைவியிடம் காட்டட்டும். அம்பது ரூபாய்க்கு அரிசி எத்தனை கிலோ என்று அந்த அம்மா சொல்வார்.